மோதாமல் மோதும் காற்று

டோபி காட் ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையை முதன்முதலாகத் தமிழில் படிக்கிறவர், 'காட்' என்பதைக் காடு என்று எடுத்துக்கொண்டால் குற்றமில்லை. ஆனால் அது துறை, படித்துறை. வங்கத்திலிருந்தும் மதராஸ் பக்கத்திலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர்கள் 19ஆம் நூற்றாண்டில் இங்கே ஓடிய பிராஸ் பாசா ஓடையில் துணி துவைத்தார்கள். பக்கத்துப் புல்வெளியில் உலர்த்தினார்கள். அன்றைய தமிழர்கள் இந்த இடத்துக்கு வைத்திருந்த பெயர் இன்னும் நேரடியானது: வண்ணான் தெரு. ஓடை இப்போது ஸ்டாம்ஃபோர்ட் கால்வாயாகி, பெரும்பகுதி சாலைக்கு அடியில் போய்விட்டது. மேலே பிளாசா சிங்கப்பூராவும் பேருந்துகளும், நிலத்துக்கு அடியில் மூன்று ரயில் தடங்களும்.

சூரியக் காற்றைப் பற்றிய பேச்சை அந்த ஓடையிலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. வேகமாக ஓடும் தண்ணீரில் துவைகல் ஒன்று கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கல்லைத் தொட்ட பிறகுதான் தண்ணீர் விலகும் என்று தோன்றும். உற்றுப் பார்த்தால், கல்லுக்குச் சாண் தூரம் முன்னாலேயே நீரில் ஒரு வரம்பு எழும்பி நிற்கும். மேலிருந்து பார்த்தால் வளைத்த வில் போல இருக்கும். மிதந்துவரும் சருகு அந்த வரம்பில் ஒரு கணம் தயங்கி, தலையைத் திருப்பிக்கொண்டு, கல்லைத் தொடாமலே பக்கவாட்டில் நழுவிவிடும். முன்னால் கல் இருக்கிறது என்ற சேதி, ஓட்டத்தை எதிர்த்துச் சிற்றலையாகப் போயிருக்கிறது. ஆனால் ஓட்டம் அலையைவிட வேகமானது. ஆகவே சேதி ஓரிடத்துக்கு மேல் முன்னேற முடியாமல் அங்கேயே குவிகிறது. குவிந்த இடமே அந்த வில்.

பூமிக்கு முன்னாலும் அப்படி ஒரு வில் நிற்கிறது. சூரியனைப் பார்த்த பக்கத்தில், பூமியின் மையத்திலிருந்து ஏறக்குறைய 90,000 கி.மீ. தொலைவில், நிலவுக்குப் போகும் வழியில் கால்வாசித் தூரம்கூட இல்லை. அங்கே தண்ணீருக்குப் பதிலாக ஓடுவது, சூரியனிலிருந்து இரவு பகல் பாராமல் வீசும் பிளாஸ்மா: எலெக்ட்ரான்களும் புரோட்டான்களும் தனித்தனியே பிரிந்து ஓடும் மின்னேற்ற வாயு. கல்லின் இடத்தில் பூமியின் காந்தப் புலம். கையால் தொட்டுப் பார்க்க அங்கே ஒன்றுமே இல்லை. இருந்தும் விநாடிக்கு 400 கி.மீ. வேகத்தில் வரும் காற்று அந்த வில்லைத் தாண்டும்போது சட்டென்று வேகம் குறைந்து, சூடேறி, அலைபாய்கிறது. அந்த அலைகளைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

ஓடைக்கரையில் துணிகள் காய்ந்துகொண்டிருந்த அதே 1840களில், இதே தீவில் ஒருவர் அந்த வில்லின் விளைவுகளை, வில் இருப்பதே தெரியாமல், அளந்துகொண்டிருந்தார். அவர் பெயர் சார்ல்ஸ் மார்கன் எலியட். மதராஸ் பொறியாளர் படை அதிகாரி. கிழக்கிந்தியக் கம்பெனி அப்போது மதராஸ், சிம்லா, பம்பாய், சிங்கப்பூர் ஆகிய நான்கு இடங்களில் காந்த ஆய்வுக்கூடங்களை ஏற்படுத்தியிருந்தது. கம்பெனிக்கு விஞ்ஞானத்தின் மீது திடீர்க் காதல் ஒன்றும் வந்துவிடவில்லை. கப்பல் ஓட்டத் திசைகாட்டி வேண்டும். திசைகாட்டியின் முள்ளோ இடத்துக்கு இடம், வேளைக்கு வேளை சற்றே விலகும். ஜெர்மனியில் கவுஸும் வெபரும் தொடங்கிய காந்த அளவீட்டுப் பணியை, ஹும்போல்ட்டின் தூண்டுதலும் எட்வர்ட் சபைனின் பிடிவாதமும் சேர்ந்து உலகளாவிய இயக்கமாக்கின. அதற்குக் 'காந்தச் சிலுவைப்போர்' என்றே பெயர் விழுந்தது. அதன் சிங்கப்பூர்ப் பாசறைதான் எலியட்டின் கூடம். 1841 முதல் 1845 வரை அது இயங்கியது.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் நின்று பார்க்கலாம். முறுக்கு நீங்கிய பட்டு இழையில் ஒரு காந்தச் சட்டம் கிடைமட்டமாகத் தொங்கும். காற்று படாமல் அதைப் பெட்டிக்குள் வைத்து மூடியிருப்பார்கள். பார்வையாளர் தள்ளி உட்கார்ந்து தொலைநோக்கி வழியே ஓர் அளவுகோலின் கோடுகளைப் படிக்க வேண்டும். இத்தகைய கூடங்களில் இரும்பு ஆணி கூடாது, செம்பு ஆணிதான். உள்ளே போகிறவர் சட்டைப்பையிலுள்ள சாவியையும் பேனாக்கத்தியையும் வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டும். மாதந்தோறும் குறித்த நாளில் 24 மணி நேரம் விடாமல், சில நிமிடங்களுக்கு ஒருமுறை, உலகெங்குமுள்ள கூடங்கள் எல்லாம் ஒரே கணத்தில் முள்ளைப் படிக்க வேண்டும். எந்த ஊர்க் கடிகாரப்படி? கவுஸ் வாழ்ந்த கோட்டிங்கன் நகரத்து நேரப்படி. புழுக்கத்தில், கொசுக்கடியில், எண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு, பாதி உலகுக்கு அப்பாலுள்ள ஓர் ஊரின் கடிகாரத்துக்கு ஏற்பக் கண் விழித்திருப்பதைச் சற்றே நினைத்துப் பார்க்கலாம். எலியட் அதோடும் நிற்கவில்லை. 1846இலிருந்து 1849 வரை சுமத்ரா, ஜாவா, போர்னியோ என்று தீவு தீவாகக் காந்தமானியைச் சுமந்துபோய் அளந்து வந்தார்.

முள் ஆடுகிறது என்பது இவர்களுக்குத் தெரியும். சில நாட்களில் வெறிகொண்டதுபோல் ஆடுகிறது என்பதும் தெரியும். ஏன் என்பதுதான் தெரியாது.

இந்தியாவின் தென்கோடியிலிருந்து ஒரு துப்பு வந்தது. திருவிதாங்கூர் மகாராஜாவின் திருவனந்தபுரம் வானாய்வகத்துக்கு 1852இல் தலைமையேற்ற ஜான் ஆலன் பிரௌன், சமவெளியில் மட்டும் அளந்தால் போதாது என்று அகத்தியர் மலை உச்சிக்கே ஏறிவிட்டார். நம்முடைய பொதிகைதான். 1855இல், யானை நடமாடும் காட்டைத் தாண்டி, ஏறக்குறைய 6,000 அடி உயரத்தில் அவர் ஒரு காந்தக் கூடம் கட்டினார். ஊர் ஊராகக் கிடைத்த அளவீடுகளை ஒப்பிட்டதில், பூமி முழுவதன் காந்தமும் சேர்ந்து ஏறி இறங்குவதையும், அந்த ஏற்ற இறக்கம் சுமார் 26 நாளுக்கு ஒருமுறை திரும்ப வருவதையும் அவர் கண்டார். சூரியன் தன்னைத்தானே சுற்றும் காலம் அது. தமிழ் முனிவர் இருப்பதாகச் சொல்லப்படும் மலைமேல் இருந்துகொண்டு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் சூரியனின் கைவேலையைக் கண்டுகொண்டதை நம் ஊரில் அதிகம் பேர் பேசுவதில்லை. பேசலாம்.

கம்பெனியின் நான்கு கூடங்களில் பம்பாயின் கொலாபா மட்டுமே நீடித்து உயிர்வாழ்ந்தது. அதற்கு 1859 செப்டம்பரில் கூலி கிடைத்தது. அம்மாதம் 1ஆம் தேதி இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேரிங்டன் சூரியனின் முகத்தில் ஒரு வெண்மின்னலைப் பார்த்தார். ஒரு நாள்கூட முழுதாக ஆகவில்லை. கொலாபாவில் முள்ளைப் படித்துக்கொண்டிருந்தவர்கள், கிடைமட்டக் காந்தப்புலம் ஏறக்குறைய 1,600 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) சரிந்து விழுவதைக் குறித்தார்கள். அந்தப் பழைய ஏடுகளைத் தூசு தட்டி எடுத்து, நவீன இயற்பியலின் வெளிச்சத்தில் படித்துக் காட்டியது 2003இல் வெளியான ஓர் ஆய்வுக்கட்டுரை. அதை எழுதிய நால்வரில் இந்தியப் புவிகாந்த ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த குர்பக்ஷ் லகீனாவும் சோபனா அலெக்ஸும் இருந்தார்கள்.

சூரியனுக்கும் முள்ளுக்கும் நடுவே எது ஓடுகிறது என்ற கேள்விக்கு விடை வர 1958 ஆனது. சூரியனின் சூடான வெளிமண்டலம் நின்ற இடத்தில் நிற்க முடியாது, அது ஒலியைவிட வேகமாக எல்லாத் திசையிலும் வீசியே ஆக வேண்டும் என்று யூஜின் பார்க்கர் என்ற இளைஞர் கணக்குப் போட்டுக் காட்டினார். கட்டுரையை மதிப்பிட்ட இருவரும் தள்ளிவிடச் சொன்னார்கள். கட்டுரை போன இதழின் ஆசிரியர் சுப்ரமணியன் சந்திரசேகர். மதராஸ் மாநிலக் கல்லூரியின் முன்னாள் மாணவர், அப்போது சிகாகோவில் பேராசிரியர். அவருக்கும் அந்த முடிவு பிடிக்கவில்லை. ஆனால் கணக்கில் ஒரு தவறும் கண்ணில் படாததால் அச்சுக்கு அனுப்பிவிட்டார். தனக்குப் பிடிக்காத கட்டுரையை, பிழை காட்ட முடியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக வெளியிடும் ஆசிரியர்கள் எத்துறையிலும் குறைவு. 1962இல் வெள்ளிக் கோளுக்குப் போன மாரினர் 2 விண்கலம் வழிநெடுக அந்தக் காற்றிலேயே நனைந்துகொண்டு போனது. 2018இல் தன் பெயர் சூட்டிய விண்கலம் சூரியனை நோக்கிக் கிளம்பியதை 91 வயதுப் பார்க்கர் நேரில் நின்று பார்த்தார்.

காற்று இருக்கிறது, காந்தப் புலம் இருக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் வில் இருக்க வேண்டும். 1963 நவம்பரில் ஏவப்பட்ட ஐஎம்பி 1 செயற்கைக்கோளின் காந்தமானி வழியே நார்மன் நெஸ் குழுவினர் அதைத் தெளிவாகப் பதிந்தார்கள். வில் கிடைத்தது. கூடவே ஒரு தலைவலியும் கிடைத்தது.

அறையிலுள்ள காற்றில் ஒரு மூலக்கூறு ஓயாமல் அக்கம்பக்கத்து மூலக்கூறுகளோடு முட்டிக்கொண்டே இருக்கிறது. விமானம் ஒலியை முந்தும்போது அதிர்ச்சி அலை உண்டாவது இந்த முட்டல்களால்தான். ஒன்று இன்னொன்றைத் தள்ள, அது அடுத்ததைத் தள்ள, சேதி பரவுகிறது, வேகம் வெப்பமாகிறது. சூரியக் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஐந்தாறு புரோட்டான் இருந்தால் அதிகம். சர்க்கரைக் கட்டி அளவு இடத்தில் ஐந்து துகள். ஒரு புரோட்டான் இன்னொன்றோடு முட்டுவதற்கு முன் போகும் சராசரித் தூரம் ஏறக்குறைய 15 கோடி கி.மீ. சூரியனிலிருந்து பூமிக்கு உள்ள தூரமே அவ்வளவுதான். யாரும் யாரையும் முட்டாத இடத்தில் எது பிரேக் போடுகிறது?

விடையைக் காலடியிலேயே பார்க்கலாம். மாலை ஆறு மணிக்கு டோபி காட் நிலையத்தில் வட்டத் தடத்திலிருந்தும் வடகிழக்குத் தடத்திலிருந்தும் இறங்கி, வடக்கு தெற்குத் தடத்துக்கு மாறப் போகிறவர்களின் கூட்டத்தைக் கவனியுங்கள். இணைப்புப் பாதையில் வேகமாக வருகிறார்கள். மின்படியின் வாய் நெருங்கியதும் கூட்டம் அடர்கிறது, நடை தளர்கிறது. ஆனால் ஒருவர் தோள் இன்னொருவர் மீது படுவதில்லை. இந்த ஊரில் பட்டால் இருவருமே மன்னிப்புக் கேட்பார்கள். தோள்கள் மோதாமலே கூட்டம் மெதுவாகிறது என்றால், கண்கள் அந்த வேலையைச் செய்கின்றன. முன்னால் போகிறவர் தயங்குவதைப் பார்த்துப் பின்னால் வருகிறவர் தயங்குகிறார். பிளாஸ்மாவில் அந்தக் கண்களின் இடத்தில் மின்புலமும் காந்தப்புலமும் இருக்கின்றன. புலத்தில் எழும் அலைகள் துகளை இழுக்கின்றன, திருப்புகின்றன, சுழற்றுகின்றன. மூலக்கூறுகள் முட்டி முட்டிச் செய்யும் வேலையை அங்கே அலைகள் செய்து முடிக்கின்றன.

எவ்வளவு குறுகிய இடத்தில் இது நடக்கிறது என்பது திகைக்க வைக்கும். சல்சா, சாம்பா, ரும்பா, டாங்கோ என்று நடனப் பெயர் சூடிய ஐரோப்பாவின் நான்கு கிளஸ்டர் விண்கலங்கள் 2005 ஜனவரியில் வில்லைக் கடந்தபோது எடுத்த அளவீடுகளை ஆராய்ந்ததில், எலெக்ட்ரான்கள் அடையும் சூட்டில் பாதி, வெறும் 17 கி.மீ. தடிப்புள்ள ஏட்டிலேயே ஏறிவிடுவது தெரிந்தது. இங்கிருந்து சாங்கி விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் உள்ள தூரம் அது. 15 கோடி கி.மீ. தடையில்லாமல் ஓடிவந்த காற்று, டோபி காட்டுக்கும் சாங்கிக்கும் இடையிலான தூரத்துக்குள் குணம் மாறிவிடுகிறது.

கதை அங்கேயும் முடியவில்லை. வில்லைத் தொட்ட புரோட்டான்களில் ஒரு பங்கு எகிறித் திரும்புகிறது. சூரியக் காற்று தன்னோடு சுமந்துவரும் காந்தப் புலக்கோடுகள் வில்லைச் செங்குத்தாகக் குத்தும் இடங்களில், எகிறிய துகள்கள் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு சூரியனை நோக்கியே வெகுதூரம் ஓடுகின்றன. வருகிற கூட்டத்துக்கு எதிரே ஒரு கும்பல் ஓடினால் என்ன ஆகும்? குழப்பம் எழும். பிளாஸ்மாவின் குழப்பத்துக்கு அலை என்று பெயர். வில்லுக்கு முன்னால் இப்படி அலைகள் கொந்தளிக்கும் வட்டாரத்தை முன்னதிர்ச்சிப் பகுதி எனலாம். ஆற்றில் பாறைக்கு முன்னால் தண்ணீர் சலசலப்பது போல.

இந்த அலைகள் சூரியனை நோக்கிப் போகவே முயல்கின்றன. அவற்றின் வேகம் விநாடிக்கு 50 கி.மீ. அளவு. காற்றோ 400 கி.மீ. வேகத்தில் எதிரே வருகிறது. கீழே இறங்கும் மின்படியில் விளையாட்டாக மேலே ஏறப் பார்க்கும் சிறுவனின் கதிதான்: ஏறுகிறான், ஏறுகிறான், ஆனாலும் கீழேயே வந்து சேர்கிறான். அலைகளும் அப்படியே பூமியை நோக்கி அடித்துவரப்படுகின்றன. வரும் வழியில் செங்குத்தாகி, முகடு கூர்மையாகி, வில்லின் மேலேயே வந்து மோதி அதைக் கலைத்துப் போடுகின்றன. வில் என்பது ஒரு நேர்த்தியான கோடாகப் பாடநூல் படங்களில் இருக்கும். நெருங்கிப் பார்த்தால் இந்தப் பக்கத்தில் அது கோடே இல்லை. கலைந்து கலைந்து மீண்டும் எழும் வேலி.

எந்தப் பக்கத்தில்? சுழலும் தண்ணீர்த் தெளிப்பான் போலச் சூரியன் சுற்றிக்கொண்டே வீசுவதால் அதன் காந்தக் கோடுகள் சுருளாக வளைந்து, பூமியருகே சுமார் 45 பாகைச் சாய்வில் வந்து சேர்கின்றன. அதனால் பெரும்பாலான நாட்களில் இந்தக் கொந்தளிப்பு பூமியின் காலைப் பக்கத்திலேயே இருக்கும். சூரியன் எழும் பக்கத்துக்கு அலை அதிகம், சாயும் பக்கத்துக்குக் குறைவு.

அந்த அலைகளுக்கு ஒரு தாளம் உண்டு. முப்பது விநாடிக்கு ஒருமுறை, கொஞ்சம் முன்பின்னாக. அதே தாளம் தரையில் வைத்த காந்தமானியிலும் கேட்கிறது என்பதைச் சோவியத் விஞ்ஞானி வலேரியா திரோய்த்ஸ்கயாவும் அவர் கூட்டாளிகளும் கண்டார்கள். அவர்கள் கண்ட விதி மளிகைக் கணக்கைவிட எளிது. சூரியக் காற்றின் காந்தப் புலம் எத்தனை நானோடெஸ்லா என்று பார்த்து, 160ஐ அதால் வகுத்தால் தரையில் தெரியும் அதிர்வின் கால அளவு விநாடியில் வந்துவிடும். புலம் 5 என்றால் 32 விநாடி. திருப்பிப் போட்டால், தரையில் ஓர் ஊசியின் நடுக்கத்தை எண்ணிக்கொண்டே ஒரு லட்சம் கி.மீ.க்கு அப்பாலுள்ள காற்றின் காந்தத்தைச் சொல்லிவிடலாம். விண்கலம் ஏதும் வேண்டாம்.

வில்லைத் தாண்டி, கொந்தளிக்கும் இடைவெளியைத் தாண்டி, பூமியின் காந்தப் புலம் ஆளும் காந்தக் கோளத்தின் எல்லையைத் தாண்டி, இந்தத் தாளம் எப்படிக் கெடாமல் உள்ளே வருகிறது என்பது நெடுங்காலப் புதிர். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் லூசில் டூர்க் தலைமையிலான குழு 2022இல் கணினி மாதிரியை வைத்து, அலை அப்படியே நுழைவதில்லை, வந்து மோதும்போதெல்லாம் வில்லையே அசைத்து உள்பக்கம் புதிய அலையை எழுப்புகிறது என்று விளக்கியது. கதவைத் தட்டுகிறவர் உள்ளே வருவதில்லை. தட்டும் ஓசைதான் வருகிறது.

உள்ளே வந்த அதிர்வு, காந்தக் கோடுகள் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும் காந்த நடுக்கோட்டில் இன்னொரு வித்தையைச் சந்திக்கிறது. அங்கே, சுமார் 105 கி.மீ. உயரத்தில், சில நூறு கி.மீ. அகலப் பட்டையாகப் பகல் முழுதும் ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. அந்தப் பட்டைக்கு நேர் கீழே உள்ள காந்தமானிகள் சில அதிர்வுகளைப் பெருக்கிக் காட்டும். மிக விரைந்த துடிப்புகளை அமுக்கிவிடும். இந்தியாவில் இதைக் கேட்க வாகான இடம் திருநெல்வேலிச் சீமை. கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்த ஆய்வு நிறுவனத்தின் நடுக்கோட்டு ஆய்வகம் இருப்பது அதனால்தான். சிலைகளுக்குப் பேர்போன கோயில் இருக்கும் அதே கிருஷ்ணாபுரம். நம் பக்கத்தில் அந்தக் காந்த நடுக்கோடு சிங்கப்பூருக்கு வடக்கே, தெற்குத் தாய்லாந்து வழியாகப் போகிறது.

எலியட் இந்தத் தாளத்தைக் கேட்டிருப்பாரா? வாய்ப்பில்லை. இங்குள்ள மொத்தப் புலம் 40,000 நானோடெஸ்லாவுக்கு மேல். அந்த அதிர்வு ஒன்றிரண்டு நானோடெஸ்லா. சில நிமிடங்களுக்கு ஒருமுறை படிக்கும் கண்ணுக்கு முப்பது விநாடித் துடிப்பு தப்பிவிடும். அவர் குறித்தது புயல்களின் பெரிய அசைவுகளையும் நாளின் மெல்லிய ஏற்ற இறக்கத்தையும்தான்.

இன்று அதே காந்தமானியை டோபி காட்டில் தொங்கவிட்டால் இன்னும் மோசம். வடகிழக்குத் தடத்தின் ரயில்கள் 1,500 வோல்ட்டிலும், மற்ற இரண்டும் 750 வோல்ட்டிலும், நேர்மின்னோட்டத்தில் ஓடுகின்றன. ரயில் ஒவ்வொன்றும் கிளம்பும்போது காந்தமானியில் ஒரு மலை எழும். சூரியக் காற்று அந்த இரைச்சலில் கொசுவின் ரீங்காரம். பம்பாய்க்கு இந்தச் சங்கடம் முன்பே வந்துவிட்டது. நகரில் மின்சார டிராம் வரப்போகிறது என்றதும், கொலாபாவின் இயக்குநர் நானாபாய் பிராம்ஜி மூஸ் 1904இல் காந்தக் கருவிகளைக் கடல் தாண்டி அலிபாகுக்கு மாற்றினார். டிராம் போய்விட்டது, அலிபாக் இன்றும் அளந்துகொண்டிருக்கிறது.

இதுவரை சொன்னது மெதுவான அலைகள். வேகமானவை வேறு குடும்பம். அவற்றின் அலைவரிசை நம் காதுக்கு எட்டும் எல்லைக்குள்ளேயே விழுகிறது. மின்காந்த அலை ஆனதால் காதுக்கு நேரே கேட்காது. ஒரு கம்பியும் ஒலிபெருக்கியும் போதும். முதல் உலகப்போரில் எதிரியின் தொலைபேசியை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த ஜெர்மானியர் ஹைன்ரிக் பார்க்ஹவுசன், உச்சத்திலிருந்து வழுக்கி இறங்கும் சீழ்க்கை ஒலிகளைக் கேட்டார். மின்னலில் பிறந்த அலைகள் காந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு விண்வெளியில் ஏறி, பூமியின் மறுபாதியில் இறங்குவதால் வருவது அது என்று 1953இல் ஓவன் ஸ்டோரி நிறுவினார். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 160 நாளுக்கு மேல் இடி இடிக்கிறது, மின்னலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இங்கே காந்தக் கோடுகள் தாழ்வாகப் படுத்துக் கிடப்பதால் விண்ணுக்கு ஏற ஏணியில்லை. சீழ்க்கையைக் கேட்க வட இந்தியா பக்கம் போக வேண்டும். குல்மார்க், நைனிதால், வாரணாசியில் பதிந்திருக்கிறார்கள்.

இன்னொன்று, காந்தக் கோளத்துக்குள் எலெக்ட்ரான்கள் எழுப்பும் அலை. விடியற்காலைப் பறவைக் கூட்டம் போல இருப்பதால் 'விடியல் கோரஸ்' என்று அதற்குப் பெயர். பெயர் வைத்தவர்கள் குளிர்நாட்டுக்காரர்கள். பொழுது சாயும் வேளையில் ஆர்ச்சர்ட் சாலை மரங்களில் அடையும் மைனாக்களின் கூச்சலைக் கேட்டவர்களுக்கு அந்தப் பதிவு உடனே பிடிபடும். இனிமையாக ஒலிக்கும் இந்தக் கோரஸ்தான் கதிர்வீச்சுப் பட்டையிலுள்ள எலெக்ட்ரான்களை ஒளியின் வேகத்துக்கு அருகில் விரட்டி, செயற்கைக்கோள்களின் மின்சுற்றுகளைக் கெடுக்கும் அளவுக்கு வெறியேற்றுகிறது.

'பூமி பாடுகிறது' என்று பத்திரிகைகள் எழுதும்போது ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முப்பது விநாடி அலையைப் பாட்டாக்க அதைப் பல மடங்கு வேகமாக ஓட்டியிருப்பார்கள். அது ஒலிப்பதிவுக்காரரின் கைவண்ணம். ஆனால் 1979இல் வாயேஜர் 1 வியாழனின் வில்லைக் கடந்தபோது பதிந்த பேரிரைச்சலும், 2016 ஜூன் 24இல் ஜூனோ அதே வில்லைக் கடந்தபோது இரண்டு மணி நேரம் பதிந்ததும் அந்த வகையல்ல. அவை உள்ள அலைவரிசையிலேயே ஒலிபெருக்கிக்குப் போகும்.

காந்தப் புலமே ஒழுங்காக இல்லாத கோளிலும் அலை உண்டு. செவ்வாய்க்குப் பூமியைப் போல முழுமையான காந்தக் கவசம் இல்லை. மேலோட்டில் திட்டுத்திட்டாகக் காந்தம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இருந்தும் சூரியக் காற்று அங்கே மேல்வளிமண்டலத்தின் அயனிகளைச் சுற்றி மடங்கி ஒரு வில்லை உண்டாக்குகிறது. நவி மும்பைக்கு அருகே பன்வேலிலுள்ள இந்தியப் புவிகாந்த ஆய்வு நிறுவனத்தினர், மேவன் விண்கலத்தின் 2015 பிப்ரவரி 9ஆம் தேதிப் பதிவுகளைத் துருவி, செவ்வாயைச் சுற்றி ஏறக்குறைய 450 தனித்த மின்புலத் துடிப்புகளை எடுத்துக் காட்டினார்கள். ஒவ்வொன்றும் மில்லிவிநாடி அளவு. முன்னாலும் பின்னாலும் வேறு அலையில்லாமல் ஒற்றை முகடாக ஓடுபவை. கூட்டமாக வரும் கடலலையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது விசித்திரம். வாய்க்காலில் ஒற்றை மேடாக உருண்டுபோகும் நீரைப் பார்த்தவர்களுக்கு அவ்வளவாக இருக்காது.

காற்று எப்போதும் இப்படி ஒரே சீராக வீசினால் இந்த அலைகளை ஆய்வாளர்கள் மட்டுமே கவனிப்பார்கள். 2024 மே 10, 11 தேதிகளில் சூரியன் வீசியெறிந்த பிளாஸ்மாக் கட்டிகள் அடுத்தடுத்து வந்து மோதின. 2003க்குப் பிறகு அதுவரை அந்த அளவுப் புயல் வந்ததில்லை. லடாக்கின் ஹான்லேயில் இரவு வானம் செக்கச் சிவந்தது. அப்போது ஆதித்யா எல்1 தன் இடத்தில் நின்று நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. 2023 செப்டம்பர் 2இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, 2024 ஜனவரி 6இல் பூமியிலிருந்து சூரியனை நோக்கி 15 லட்சம் கி.மீ. தொலைவிலுள்ள எல்1 புள்ளியைச் சேர்ந்த கலம் அது. திட்ட இயக்குநர் செங்கோட்டைக்காரர், நிகர் ஷாஜி. அதன் காந்தமானி 6 மீட்டர் நீளக் கோலில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. கலத்தின் சொந்தக் காந்தம் அளவீட்டைக் கெடுத்துவிடக் கூடாதே என்றுதான். செம்பு ஆணி, அலிபாக் என்று வந்த பழைய கவலை இப்போது ஒரு கோலின் நுனியில்.

இந்தப் பேச்சு தொடங்கிய ஆறரை மணிக்கு ஆதித்யாவைக் கடந்த காற்று, விநாடிக்கு 400 கி.மீ. கணக்கில், ஒரு மணி நேரம் கழித்து வில்லை எட்டும். இப்போது மணி ஏழரை. வெளியே பென்கூலன் தெருப் பக்கம் இருட்டிவிட்டது. சூரியன் இப்போது உச்சியில் நிற்பது எலியட் கடிகாரம் வைத்துக்கொண்ட கோட்டிங்கனின் வானத்தில். காற்று வில்லை முட்டுவதும் அந்தப் பக்கத்தில்தான்.